ஜாவா மலைக் கிராமத்துல பாகப்பிரிவினை: ‘லெத்தர் சே’ புத்தகத்தை நம்பலாமா?

கோடநாடு பனி:

வணக்கம். கூட்டுப் பட்டா, உட்பிரிவுன்னா இந்தக் குழுவுல யாரைக் கேட்டாலும் தூக்கத்துல கூட சொல்லிடுவீங்க. இது கடல் தாண்டின சமாச்சாரம், அதான் கேக்கறேன்.

தம்பி சம்சாரம் இந்தோனேசியாக்காரங்க. ஊரு மத்திய ஜாவா, வொனொசோபோ மாவட்டம், தியெங் மேட்டுக்கு ஏறுற சரிவுல ஒரு சின்ன கிராமம். இப்ப தம்பியோட கோத்தகிரியில இருக்காங்க, பாஸ்போர்ட் இன்னும் அந்த நாட்டோடதுதான். அவங்க அப்பா தான் இருக்கும்போதே நாலு பிள்ளைகளுக்கும் பிரிச்சுக் கொடுத்துடணும்னு நிக்கிறார். மொத்தமே ஒரு ஏக்கர் சொச்சம்:

வீடும் சுத்தி இருக்கற தோட்டமும் 700 சதுர மீட்டர். சான்றிதழ் இருக்கு.

உருளைக்கிழங்கு போடற மேட்டு நிலம் மூணு துண்டு, சேர்த்து 2,600 சதுர மீட்டர். ரெண்டு துண்டுக்குச் சான்றிதழ் கிடையாது. ஊர் ஆபீஸ்ல ‘லெத்தர் சே’ன்னு ஒரு புத்தகமாம், அதுல தாத்தா பேர்ல இருக்கு. வரி கட்டின சீட்டு வருஷா வருஷம் வெச்சிருக்காங்க.

கீழே, பக்கத்து வட்டாரத்துல நெல் வயல் 900 சதுர மீட்டர். 9 வருஷமா வேற ஒருத்தர் கையில ஒத்தி மாதிரி இருக்கு. பணத்தைக் கொடுத்தா வயல் திரும்பும்னு வாய்ப்பேச்சுதான், எழுத்து இல்ல.

கேள்வி இதுதான். அந்தப் புத்தகமும் வரிச் சீட்டும் போதுமா? தம்பி பேரையும் சேர்க்க முடியுமா? ஆள் இங்க இருந்தா அங்க யார் உழுவாங்க, பங்கு எப்படி? கடைசியா, நம்ம ஊர் விதைக் கிழங்கு ஒரு மூட்டை கொண்டுபோய் அங்க போட்டுப் பார்க்கலாம்னு தம்பி சொல்றான். சரிப்படுமா?

பழைய தாய்ப்பத்திரம்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். போதாது.

லெத்தர் சே என்பது ஊர் அலுவலகத்தில் இருக்கும் நிலவரிப் புத்தகம். நம் ‘அ’ பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வரி கட்டுபவர் பெயர், அவருக்கு ஒரு எண், ‘பெர்சில்’ எண், நிலத்தின் தரம், பரப்பு, கை மாறிய காரணமும் தேதியும் அதில் இருக்கும். தரத்தில் ‘எஸ்’ என்று இருந்தால் நெல் வயல், ‘டி’ என்றால் மேட்டு நிலம். பெர்சில் எண்ணைப் பார்த்து நம் சர்வே எண் என்று ஏமாறக்கூடாது. ஒரே பெர்சிலுக்குள் பல பேருடைய துண்டுகள் இருக்கும். அதிலிருந்து எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் கிரிக், பெத்தோக் என்றெல்லாம் பெயர். வரிச் சீட்டும் அப்படித்தான். இங்கே கந்தாய ரசீதை வைத்துக்கொண்டு நிலம் என்னுடையது என்று சொன்னால் எந்தச் சார்பதிவாளர் கேட்பார்?

உரிமைக்கு ஆதாரம் மாவட்ட நில அலுவலகம் தரும் சான்றிதழ் மட்டுமே. 2021ஆம் ஆண்டின் 18ஆம் அரசாணைப்படி, இந்தப் பழைய எழுத்துச் சான்றுகளைப் பதிவு செய்ய 5 ஆண்டு கெடு கொடுத்தார்கள். அந்தக் கெடு 2026 பிப்ரவரி 2 வரை. அதற்குப் பிறகு கிரிக் உரிமைச் சான்று ஆகாது. நிலம் எங்கே, யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் வழிகாட்டியாக மட்டும் உதவும். நிலம் போய்விடாது, நிரூபிக்கும் சுமை கூடும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. புத்தகத்தில் தாத்தா பெயர் என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த இரண்டு துண்டுக்கும் தாத்தாவின் வாரிசுகள் எல்லோரும் உரிமைக்காரர்கள். அப்பாவுக்கு அண்ணன், தங்கை இருந்தால் அவர்கள் கையெழுத்து இல்லாமல் அவர் பிரிக்கவே முடியாது. முதலில் தாத்தாவுக்கு வாரிசு எழுத்து: வாரிசுகளே எழுதி, இரண்டு சாட்சிகள் வைத்து, ஊர்த் தலைவரும் வட்டார அதிகாரியான ‘சாமத்’தும் ஒப்பமிட வேண்டும். அத்தைமார் தங்கள் பங்கை அப்பாவுக்கு விட்டுக் கொடுத்திருந்தால் அதுவும் எழுத்தில் வர வேண்டும். இதை முடித்த பிறகுதான் நில வரலாற்றுக் கடிதம், அனுபவத்தில் இருப்பதற்கான உறுதிமொழி, புத்தக நகல், வரிச் சீட்டு, அடையாள அட்டை, குடும்ப அட்டை என்று கட்டி நில அலுவலகத்துக்குப் போக முடியும்.

பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜாவாக்காரர்கள் பலருக்கு ஒற்றைப் பெயர். கல்யாணமானதும் ‘முதிர்ந்த பெயர்’ என்று புதிதாக ஒன்று வைத்துக்கொள்வதும் பழைய வழக்கம். புத்தகத்தில் சிறு வயதுப் பெயர், அடையாள அட்டையில் பெரியவர் பெயர் என்று இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று ஊர் அலுவலகக் கடிதம் தனியாக வேண்டும். அளக்கும் நாளில் இது தெரிய வந்தால் வேலை அப்படியே நிற்கும்.

அந்த ஊர் பி.டி.எஸ்.எல். திட்டத்தில் வருகிறதா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். ஊரையே மொத்தமாக அளந்து சான்றிதழ் தரும் திட்டம். ஜாவாவில் தயாரிப்புச் செலவு 1,50,000 ரூபியா என்று 2017இல் நிர்ணயித்தார்கள். தனியாகப் போனால் அளவைக் கட்டணம், அலைச்சல் எல்லாம் சேர்ந்து பல மடங்கு ஆகும்.

கேத்தி காரட்:

விதைக் கிழங்கைப் பத்தி முதல்ல சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம். கொண்டு போகவே கூடாது. ஒரு மூட்டை இல்ல, ஒரு கிழங்கு கூட.

நம்ம மண்ணுல முட்டைக்கூடு நூற்புழு 1961லயே கண்டுபிடிச்சாச்சு. நீலகிரிக் கிழங்கை விதைக்குன்னு வேற மாநிலத்துக்கு அனுப்பவே தடை இருக்கு, கடல் கடந்து எப்படி விடுவாங்க? அந்தப் புழு வேர்ல குண்டூசித் தலை சைஸ்ல முத்து முத்தா ஒட்டியிருக்கும். முதல்ல வெள்ளை, அப்புறம் பொன் மஞ்சள், முத்தினா பழுப்பு. கூடு மண்ணுக்குள்ள பல வருஷம் உயிரோட கிடக்கும், கிழங்கு வேர் பக்கத்துல வந்தாதான் பொரியும். ஜாவாவுலயும் 2003ல கண்டுபிடிச்சுட்டாங்க. அதனால அங்கிருந்து திரும்பும்போதும் தம்பியோட ரப்பர் பூட்ஸ் அடியில ஒட்டின மண்ணைக் கழுவிட்டுதான் வரணும்.

இன்னொண்ணு, ஒரு மூட்டை எந்த மூலைக்கு? அங்க பெரும்பாலும் ‘கிரனோலா’ ரகம். பாருக்குப் பார், அதாவது மண் அணைச்ச வரிசைக்கு வரிசை, 75 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. வெச்சா 2,600 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 11,500 விதை. ஒண்ணு 50 கிராம்னா 580 கிலோ ஆகுது.

பருவமும் தலைகீழ். நமக்கு உறைபனி டிசம்பர், ஜனவரி. தியெங் பூமத்திய ரேகைக்குத் தெற்க, 2,000 மீட்டர் உசரம். அங்க ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை மழையில்லாத தெளிஞ்ச ராத்திரியில பனி விழும். ‘எம்புன் உப்பாஸ்’னு பேரு, விஷப்பனின்னு அர்த்தம். விடிஞ்சு வெயில் பட்டா இலை வெந்த கீரை மாதிரி கருத்துத் தொங்கிடும். வெயில் ஏறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சுப் பனியைக் கழுவி விடறதுதான் வழி, நம்ம ஊர்ல ஸ்பிரிங்ளர் போடற மாதிரியே. மழைக்காலம் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரை. அப்ப பின்பருவ இலைக் கருகல் நோய் பிடிச்சுக்கும், மருந்துச் செலவு எகிறும். நம்ம கார் போகம், கடை போகம் கணக்கை அங்க வெச்சு விதைச்சா நஷ்டம்தான்.

அங்க போனா தம்பி முதல்ல கேக்கப்போறது, ஏன் சரிவோட நேரா மேலிருந்து கீழே பார் பிடிக்கறாங்கன்னு. குறுக்கால பிடிச்சா கொட்டற மழையில பாருக்குள்ள தண்ணி நின்னு கிழங்கு அழுகும், அந்த பயம்தான். ஆனா மேல்மண் அத்தனையும் செராயு ஆத்துல போய், கீழே இருக்கற ம்ரிச்சா அணையில வண்டலா படிஞ்சுட்டிருக்கு. நேர்க்குறுக்காவும் வேண்டாம், நேர்கீழாவும் வேண்டாம். லேசான சாய்வுல சமமட்டத்தை ஒட்டிப் பார் பிடிச்சு, பார் முடியற இடத்துல வடிகால், வடிகாலுக்கு நடுநடுவுல மண் தேங்க அரை மீட்டர் ஆழத்துக்குக் குழி. குழியில சேர்ந்த மண்ணை அறுவடை முடிஞ்சதும் வாரி மேலே போடணும். அதைச் செய்யாம விட்டா குழி வெட்டியும் பிரயோஜனம் இல்ல.

உழறது யாருன்னா, அங்கயும் வாரம்தான், அதாவது உழறவருக்கு விளைச்சல்ல பங்கு. பாதிக்குப் பாதின்னா ‘மாரோ’, மூணுல ஒரு பங்குன்னா ‘மெர்தெலு’. நெல்லுக்கு இது சுலபம். கிழங்குக்குச் செலவு பூரா விதையும் மருந்தும் கோழி எருவும்தான், அதனால அதை யார் போடறதுன்னு பேசாம மாரோன்னு மட்டும் சொல்லிட்டா அறுவடை அன்னிக்கு மல்லுக்கட்டுதான். 1960ம் வருஷத்து வாரச் சட்டம் ஒப்பந்தத்தை ஊர்த் தலைவர் முன்னாடி எழுதணும், வயலுக்கு 3 வருஷம், மேட்டு நிலத்துக்கு 5 வருஷம் குறையக்கூடாதுங்குது. எழுதறவங்க கம்மி. நீங்க எழுதிடுங்க.

கோடநாடு பனி:

ரெண்டு பேருக்கும் நன்றி. அத்தைங்க ரெண்டு பேர் இருக்காங்களாம், கையெழுத்து எதுவும் வாங்கல. விதை யோசனையை தம்பி கைவிட்டுட்டான். ஆனா இன்னொண்ணு சொல்றான்: பக்கத்து மேட்டு நிலம் 1,000 சதுர மீட்டர் விலைக்கு வருது, இவன் பணம் போட்டு மனைவி பேர்ல வாங்கிடலாமாம். அவங்க பேர்ல இருந்தா என்ன, நம்ம பேர்ல இருந்தா என்னங்கறான்.

வாகே சந்தை:

அண்ணா, தம்பியைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. பணம் போற வழி அதுதான்.

1960 செப்டம்பர் 24ல வந்த அடிப்படை நிலச் சட்டப்படி ‘ஹாக் மிலிக்’, அதாவது முழு உரிமை, அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். தம்பி பேரைச் சேர்க்க வழியே இல்ல. வெளிநாட்டவருக்கு மறைமுகமா நிலம் போய்ச் சேர்ற மாதிரி விற்பனை செஞ்சா அது செல்லாது, கொடுத்த பணத்தையும் கேக்க முடியாதுன்னு 26வது பிரிவு சொல்லுது. நிலமும் அரசுக்குப் போயிடும்.

மனைவி பேர்ல வாங்கினாலும் சிக்கல் இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கற சொத்து ரெண்டு பேருக்கும் பொது. அப்படின்னா பாதி வெளிநாட்டவர் கைக்குப் போகுது, அதனால பத்திரம் எழுதறவர் ஒத்துக்க மாட்டார். இதுக்கு வழி சொத்தைத் தனித்தனியா வெச்சுக்கற திருமண ஒப்பந்தம். முன்னெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதணும். 2016 அக்டோபர்ல அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் கல்யாணத்துக்குப் பிறகும் எழுதலாம்னு சொல்லிடுச்சு. நோட்டரியிடம் எழுதி, திருமணப் பதிவுலயும் ஏத்தணும்.

ஆனா அப்பா கொடுக்கறதுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. 1974ம் வருஷத்து திருமணச் சட்டம் 35வது பிரிவுல தானமா வந்ததும் வாரிசா வந்ததும் அவங்கவங்க தனிச் சொத்துன்னு தெளிவா இருக்கு. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. அவங்க பின்னாடி இந்தியக் குடியுரிமை வாங்கினா, இந்தோனேசியக் குடியுரிமை போன நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள நிலத்தைக் கை மாத்தியாகணும். பிள்ளைங்க இந்தியப் பாஸ்போர்ட்ல வளர்ந்து, நாளைக்கு அம்மா நிலம் வாரிசா வந்தாலும் அதே ஒரு வருஷம்தான்.

இனி யாரும் கேக்காத கேள்வி. அவங்க இருக்கறது கோத்தகிரியில. விவசாய நிலத்தை அந்த வட்டாரத்துக்கு வெளிய குடியிருக்கறவங்க வெச்சுக்கக் கூடாதுன்னு 1961ம் வருஷத்து 224வது அரசாணை இருக்கு. ஆறு மாசத்துக்குள்ள குடி வரணும், இல்ல உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கணும். ஒட்டின வட்டாரத்துல இருந்துகிட்டு நேரா பார்த்துக்க முடிஞ்சா விலக்கு உண்டு, அதனால கீழே இருக்கற நெல் வயல் அங்க ஊர்ல இருக்கற அண்ணன் தம்பிக்குப் பிரச்சினையில்ல. கோத்தகிரியை ஒட்டின வட்டாரம்னு யார் சொல்லுவா! ஊர்ல யாரும் தேடி வந்து பிடுங்கறது அபூர்வம்தான், ஆனா பேர் மாத்தப் போகும்போது அடையாள அட்டையில முகவரி பார்ப்பாங்க.

இந்த விதி விவசாய நிலத்துக்குத்தான். வீட்டு மனைக்கு இல்ல. அதனால என் யோசனை இது: மேட்டு நிலத்தையும் வயலையும் அங்க இருக்கற மூணு பேர் எடுத்துக்கட்டும், இவங்க பங்குக்கு வீட்டுத் தோட்டத்துல ஒரு துண்டு கேக்கட்டும். ‘பெக்காராங்கான்’னு சொல்ற அந்தத் தோட்டத்தைச் சும்மா நினைக்காதீங்க. மரவள்ளி, வாழை, மூங்கில், காப்பி, கோழிக்கூடு, மீன் குட்டை எல்லாம் அதுக்குள்ளதான். வீடு வழக்கமா கடைசியா அப்பா அம்மாவைப் பார்த்துக்கற பிள்ளைக்குப் போகும், பெரும்பாலும் கடைக்குட்டிக்கு. அதைக் கேட்டா மனஸ்தாபம் வரும். வீட்டை விட்டுட்டு, பாதையை ஒட்டின ஓரத் துண்டைக் கேளுங்க.

அங்க நிலம் ஒருத்தருது, மேல நிக்கற மரமோ மரவீடோ இன்னொருத்தருதுன்னு இருக்கறது சகஜம். நம்ம ஊர்ல புறம்போக்குல நிக்கற மரத்துக்கு 2சி பட்டா கொடுக்கற மாதிரி நினைச்சுக்கங்க. ‘செங்கோன்’ மரம் நட்டு அஞ்சாறு வருஷத்துல வெட்டி, கல்யாணச் செலவுக்கோ படிப்புக்கோ ஆக்கிக்குவாங்க. பிரிக்கும்போது எந்த மரத்தை யார் நட்டாங்கன்னு கேட்டு, எண்ணி, எழுத்துல வைங்க.

ஊர்ல ஆள் இல்லாம நிலம் மட்டும் இருந்தா உறவு தேஞ்சு போகும். அதுக்கும் கணக்கு இருக்கு. வீட்டு முன் சுவர்ல ஒரு சின்ன டப்பா தொங்கும், ராத்திரி காவல் சுத்தறவங்க அதுல இருந்து ஒரு பிடி அரிசியோ 500 ரூபியா காசோ எடுத்துட்டுப் போவாங்க. ‘ஜிம்பித்தான்’னு பேரு. வீடு பூட்டிக் கிடந்தாலும் மாசத்துக்குச் சேர்த்துக் கொடுத்துடணும். கல்யாணம், விசேஷத்துக்கு மொய் அங்கயும் நோட்டு போட்டுத்தான் எழுதுவாங்க, வாங்கினதுக்குக் குறையாம திருப்பணும். பொம்பளைங்க விசேஷ வீட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போய்ச் சமையல்ல கை கொடுக்கறது ‘ரெவாங்’. இவங்க வர முடியாதப்ப யார் அவங்க பேர்ல போவாங்கன்னு ஒரு தங்கச்சியோ அண்ணியோ பொறுப்பெடுக்கணும். பொதுவேலை நாளுக்கும் ஆள் கூலி கொடுத்துடலாம்.

பழைய தாய்ப்பத்திரம்:

வாகே சந்தை சொன்ன மனை யோசனை சரிதான். ஒரு இடத்தில் மட்டும் எனக்குத் தயக்கம். அவர்கள் முஸ்லிம் குடும்பமாக இருந்து, அப்பா உயிரோடு இருக்கும்போதே ‘ஹிபா’ தானமாகக் கொடுப்பதானால், அந்நாட்டு இஸ்லாமியச் சட்டத் தொகுப்பு 210வது பிரிவில் சொத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வரம்பு. பிள்ளைக்குக் கொடுத்த தானத்தை வாரிசுப் பங்காகக் கணக்கிடலாம் என்கிறது 211. எனவே நாலு பிள்ளைகளும் சம்மதக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் பின்னாளில் மத நீதிமன்றத்தில் நிற்க நேரும். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்பதை ஜாவாவில் ‘தோளில் இரண்டு கூடை, இடுப்பில் ஒரு கூடை’ என்பார்கள். சமமாகப் பிரிக்கும் குடும்பங்களும் உண்டு. எது என்று அப்பா வாயால் எல்லோர் முன்னிலையிலும் சொல்லட்டும்.

வரியிலும் வேறுபாடு உண்டு. நிலம் பெறுபவர் கட்டும் வரி 5 விழுக்காடு வரை. வாரிசாக வந்தால் குறைந்தது 30 கோடி ரூபியா மதிப்பு வரை விலக்கு. உயிரோடு கொடுக்கும் தானத்துக்கு அந்தப் பெரிய விலக்கு இல்லை, 8 கோடி ரூபியா கணக்கில்தான் பார்ப்பார்கள். அதனால் மனைத் துண்டை மட்டும் இப்போது தானமாக எழுதி, மற்றதைப் பங்கு ஒப்பந்தமாக வைத்து, பின்னால் வாரிசாக மாற்றிக்கொள்வது செலவு குறைவு.

துண்டு பிரிக்கும்போது எல்லைக் குறி வைக்க வேண்டும். 1997ஆம் ஆண்டு அளவை விதிப்படி ஒரு மீட்டர் இரும்புக் குழாய், குறுக்களவு 5 செ.மீ., 80 செ.மீ. மண்ணுக்குள், 20 செ.மீ. வெளியே, தலையில் மூடி, சிவப்புப் பூச்சு. ஊரில் பலர் எல்லைக்குச் செந்நிற இலைச் செடியை நட்டு வைத்திருப்பார்கள். அது அக்கம்பக்கத்தாருக்குப் புரியும், அளவையருக்குப் புரியாது. நான்கு பக்கத்துக்காரர்களும் நேரில் நின்று ஒப்ப வேண்டும். அங்கே சந்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை சுற்றும்: லெகி, பாஹிங், பொன், வாகே, கிளிவோன். அந்த ஊர்ச் சந்தை நாளில் அளவையரை வரச் சொன்னால் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவரும் இருக்க மாட்டார்.

மேட்டு நிலத்தின் மேல் எல்லை காட்டை ஒட்டியிருந்தால் தனியாகப் பாருங்கள். அரசு வனக் கழக நிலத்தில் ஊடுபயிர் போட்டுக்கொண்டிருப்பதை நாளடைவில் சொந்தம் என்று பேசுவார்கள். கூடலூரில் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலம் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

கோடநாடு பனி:

அத்தைங்க கையெழுத்துதான் முதல் வேலைன்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன், வாங்கற யோசனையும் நின்னாச்சு. வயல் விஷயம் யாரும் சொல்லல. 9 வருஷத்துக்கு முன்னாடி வாங்கின பணத்தைத் திருப்பினா போதுமா, வட்டி கேப்பாங்களா?

வாகே சந்தை:

சட்டப்படி ஒரு ரூபியா கூடத் தர வேண்டாம், அண்ணா. நம்ம நாட்டுல ஒத்தியை மீட்கப் பணம் கட்டியே ஆகணும், அதுக்கு 30 வருஷ கெடு. அங்க 1960ம் வருஷத்து 56வது சட்டம் 7வது பிரிவு வேற மாதிரி. ஒத்திக்கு எடுத்தவர் 7 வருஷம் அனுபவிச்சாச்சுன்னா போட்ட பணம் விளைச்சலா வந்துடுச்சுன்னு கணக்கு. நிக்கற பயிரை அறுத்த ஒரு மாசத்துக்குள்ள வயலைத் திருப்பணும், பணம் கேக்க உரிமை இல்ல. 7 வருஷம் ஆகலன்னா ஒரு வாய்பாடு: ஏழரையில இருந்து கழிஞ்ச வருஷத்தைக் கழிச்சு, 7ஆல வகுத்து, வாங்கின தொகையால பெருக்கணும். 4 வருஷம் ஆகியிருந்தா சரிபாதி.

எழுத்து இல்லாததால எப்ப ஆரம்பிச்சதுங்கறதுதான் சண்டையா வரும். அந்த வருஷத்துல இருந்து வரிச் சீட்டை யார் கட்டினாங்க, வாய்க்கால் பார்க்கற ‘உலு-உலு’கிட்ட தண்ணிப் பங்கை யார் பேர்ல வாங்கினாங்கன்னு பாருங்க, அதுல வருஷம் தெரியும். வெச்சிருக்கறவர் ஊர்க்காரர்தானே, சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டுப் போக வேண்டாம். ஊர்த் தலைவர் வீட்டுல உட்கார்ந்து பாதித் தொகை பேசி, கைப்பட ஒரு ரசீது வாங்கிக்கங்க. நாத்து விட்டதுக்கு அப்புறம் போனா இன்னொரு போகம் காத்திருக்கணும்.